தட்டோடு சமையற்கட்டுக்குள்

செவ்வாய், இரவு

வெளியில் சொன்னால் மானம் போகும். ஒரகடத்தில் புதிதாகத் திறந்திருக்கும் நேபாளி ஓட்டலில் மனைவியோடு சாப்பிட்டேன். எழுந்ததும், கம்பெனி கேண்டீன் ஞாபகத்தில், சோறும் பருப்பும் பாதி மீந்த தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையற்கட்டுக்குள் போய்விட்டேன்.

நேபாளிச் சமையல்காரர் வெலவெலத்துப் போனார். உள்ளூர்க்காரரான முதலாளி ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா சமைச்ச? கஸ்டமரே தட்ட எடுத்துக்கினு வந்து நிக்கிறாரு! நாளைலேருந்து வராத!"

"ஐயோ, சாப்பாடு பிரமாதம்! கேண்டீன்ல நாங்களேதான் தட்டு எடுப்போம், அந்தப் பழக்கம்" என்றேன்.

பின்னாலேயே வந்த மனைவி சும்மா இருந்தாளா? "வூட்ல ஒருநாளாவது தட்ட எடுத்திருக்கீங்களா?"

முதலாளி என்னை நம்பவில்லை. வீட்டில் நீளாத கை அங்கே ஏன் நீண்டது என்று எனக்கே விளங்கவில்லை. அந்தச் சமையல்காரருக்கு வேலை இருக்கிறதா, போயிற்றா?

பருப்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான்.