ஜவாஹிரின் மாடுகள் சாகவில்லை

கிண்ணியா
5.6.1961

மதிப்புக்குரிய டொக்டர் ஞானசேகரம் ஐயாவுக்கு,

ஆண்டவன் காவலில் நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத மனம் வரவில்லை. நேற்று மூன்றாவது கன்றும் போய்விட்டது. போன மாதம் வந்து புழு மருந்து கொடுத்தீர்கள், செத்த கன்றின் ஈரலில் ஒரு துண்டைப் போத்தலில் போட்டுக்கொண்டு போனீர்கள். அதோடு சரி, ஒரு வரி இல்லை.

எனக்கு ஒரு சந்தேகம், ஐயா. சந்தேகம் என்ன, நிச்சயமேதான். என் தங்கச்சி ஸல்ஹாவின் புருஷன் ஜவாஹிரின் மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன. ஒரே புல், ஒரே குளம். அவனுடையதில் ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. நான் தினமும் புளித்த கஞ்சிக்கு உப்புப் போட்டு வைக்கிறேன். அவன் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட வைக்க மாட்டான். அவனுடையது கொழுக்க என்னுடையது சாவதென்றால் என்ன அர்த்தம்? வாப்பாவின் காணியைப் பிரித்த நாளிலிருந்து அவன் கண் என் வளவில்தான்.

நஞ்சு என்று நீங்கள் எழுதித் தந்தால் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸெய்னுதீன்

ஓர்ஸ் ஹில்
8.6.1961

அன்புள்ள ஸெய்னுதீன் நானா,

கோபிக்க வேண்டாம். ஈரலை ஆய்வுக்கு அனுப்பிவிட்டு நானும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று நான் வந்தபோது ஜவாஹிர் உங்கள் வேலியோரம் நின்றார். என்னைக் கண்டதும் நழுவிவிட்டார். அது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: சாகுமுன் கன்றுக்குக் கண் தெரிந்ததா? பட்டியில் நிற்பவை சாகின்றனவா, வீட்டில் கட்டியவையா? கஞ்சியை எதில் வைக்கிறீர்கள், கிட்டே யார் போகிறார்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஞானசேகரம்

கிண்ணியா
12.6.1961

டொக்டர் ஐயாவுக்கு,

ஜவாஹிர் நழுவினான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தக் கடிதத்தைப் பள்ளிவாசலில் காட்டினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, ஊரார் முன் குர்ஆனில் கை வைத்து, நஞ்சு வைக்கவில்லை என்று அவன் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவாகிவிட்டது. “அவரச் சத்தியம் பண்ண வெச்சா உங்கட வாசல்ல இனி மிதிக்க மாட்டன் நானா” என்றாள் ஸல்ஹா. அவள் வந்துபோகும் வேலிப் பொட்டை முள்ளால் அடைத்துவிட்டேன்.

கன்றுக்குக் கண் தெரியவில்லை. பல்லை நறநறத்து, வட்டம் சுற்றி, தூணில் போய் முட்டியது. வீட்டில் கட்டியவைதான் சாகின்றன, பட்டியில் ஒன்றும் இல்லை. கஞ்சி வைப்பது நீங்கள் போன வருடம் துறைமுக ஏலத்தில் எடுத்து அனுப்பிய அந்தப் பாதிப் பீப்பாய்களில்தான். கன்றுகளுக்கு அதில் என்ன ருசியோ, உள்ளே இருந்த சிவப்புப் பெயின்ட் எல்லாம் நக்கி இரும்பு தெரிகிறது.

ஸெய்னுதீன்

ஓர்ஸ் ஹில்
15.6.1961

அன்புள்ள நானா,

தபாலை நம்பாமல் மீன்கார கலீலுர் றஹ்மானின் கையில் இதைக் கொடுக்கிறேன். வெள்ளிக்கு முன் சேர வேண்டும்.

நஞ்சுதான். ஆனால் ஜவாஹிர் வைக்கவில்லை. ஈரல் முழுக்க ஈயம் என்று முடிவு வந்திருக்கிறது. கப்பலுக்குப் பூசும் அந்தச் சிவப்புப் பெயின்ட்டில் இருப்பது ஈயம். புளித்த கஞ்சி அதைக் கரைக்கும், அதன் இனிப்புக்குக் கன்று நக்கும். ஜவாஹிர் கஞ்சி வைப்பதில்லை, அதனால் அவருடைய மாடுகள் தப்பின. பீப்பாய்களைத் தந்தவன் நான். படித்த மாட்டு டொக்டர், கழுவிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன்.

முடிவு நேற்றே வந்தது. ஒரு நாள் மேசை லாச்சியில் வைத்திருந்தேன், வேறு காரணம் ஏதும் எழுதலாமா என்று பார்த்தேன். வெட்கத்தில் நேரில் வரவும் முடியவில்லை. மன்னித்துவிடுங்கள். பீப்பாய்களை ஆழப் புதையுங்கள். உங்கள் மாட்டுப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சத்தியத்தை நிறுத்துங்கள்.

ஞானசேகரம்

கிண்ணியா
20.6.1961

டொக்டர் ஐயாவுக்கு,

கலீலுர் றஹ்மான் மூதூரில் ஒரு கலியாண வீட்டில் தங்கிவிட்டு, கடிதத்தைச் சனிக்கிழமைதான் தந்தான். ஜவாஹிர் வெள்ளியன்றே குர்ஆனில் கை வைத்துவிட்டான். ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. நீங்கள் நேரில் வந்திருந்தால், ஐயா!

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸல்ஹாவின் வாசலுக்கு ஓடினேன். கதவு திறக்கவில்லை. வெளியே நின்று சத்தமாக வாசித்தேன். பீப்பாய் தந்தது நீங்கள் என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டேன், உங்கள் பெயர் ஊரில் கெடக் கூடாது என்று. கதவு நீக்கலால் அவள் கை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். முழுவதும் படித்தாள்.

“டொக்டர் தன்ட பிழைய ஒளிக்காம எழுதியிருக்கார். நீங்க இவ்வளவு வாசிச்சீங்க நானா, உங்கட பிழைய இன்னும் சொல்லல்ல” என்றாள்.

திரும்பி வந்து வேலிப் பொட்டில் இருந்த முள்ளை இழுத்து எறிந்தேன். ஞாயிறு போய், “பிழை என்னில்தான்” என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். திங்களும் போய்ச் சொன்னேன்.

இன்று காலை அந்தப் பொட்டுக்குள் ஒரு செம்புப் பால் இருந்தது, மூடி வைத்து. யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. முகர்ந்தும் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

ஸெய்னுதீன்