செத்துப்போகாத டோன் குமிழ்

என் பிடிவாதக்காரருக்கு,

உங்கள் பழைய அமெரிக்க எலக்ட்ரிக் கிடாரை நான் விற்கவில்லை. கோபப்பட்டு முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

வாங்க வந்தவர் கிடார் பழுதுபார்க்கிறவர். "டோன் குமிழ் ரெண்டும் செத்துப்போச்சு, அதைச் சொல்லியே வித்துடு" என்றீர்களே, அப்படியே சொன்னேன். அவர் கம்பிகளை மீட்டிக்கொண்டே, ஒலியின் கூர்மையைக் குறைக்கும் அந்தக் குமிழ்களைத் திருகினார். ஒன்றும் மாறவில்லை. பிறகு பக்கத்திலிருந்த சுவிட்சைத் தள்ளிவிட்டுத் திருகினார் பாருங்கள்! அதுவரை கீச்சென்று கத்திய கிடார், கம்பளிக்குள் படுத்துக்கொண்டு பேசுவதுபோல் குழைந்தது.

"ஏம்மா, இந்தப் பழைய மாடல்ல கம்பியோட சத்தத்தை வாங்குற கடைசி பிக்கப்புக்கு டோன் இணைப்பே கிடையாது. உங்க வீட்டுக்காரர் பிக்கப்பை மாத்துற இந்த சுவிட்சைத் தொட்டதே இல்லியா?"

கல்யாணத்துக்கு முன்னாலிருந்து சுவிட்சை ஒரே இடத்தில் வைத்து வாசித்துவிட்டு, பழியைக் குமிழ் மேல் போட்ட மகானே! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்கள் சிரித்த சிரிப்பில் டீ ஆறிப்போனது.

"நல்ல பொருள்மா, நானே எடுத்துக்கிறேன்" என்று கெஞ்சினார். மாட்டவே மாட்டேன் என்றுவிட்டேன்.

சின்ன அறையில் இடத்தை அடைக்கிறது என்றுதானே அதை விற்கச் சொன்னீர்கள்? அந்த அறையை நேற்றே காலி செய்து, கிடாரை நம் கட்டிலோரம் சாய்த்துவிட்டேன். டாக்டரைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறேன். மீதியை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

வந்ததும் டோனைக் குறைத்து வாசிக்கப் பழகுங்கள். பகலெல்லாம் தூங்குகிற ஒருவர் இந்த வீட்டுக்கு வரப்போகிறார்.

உங்கள் வீட்டுக்காரி