ஐந்தருவியில் கொசுவம் வைத்த சிறுகுடல்

ஏட்டி,

இன்று காலை ஆபரேஷன் தியேட்டரில் நீ என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். சிறுகுடல் முறுக்கிக்கொண்ட ஒருவரைத் தூக்கி வந்தார்கள். வயிற்றைத் திறந்ததும் குடல் கத்தரிக்காய் நிறத்தில் பொங்கி வெளியே வந்தது. டாக்டர் இரண்டு கையாலும் அள்ளி முறுக்கை மெல்லப் பிரித்துவிட்டார். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியை நான் மேலே போர்த்தினேன். எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து, ஒரு நெளி நெளிந்தது பார், மாஸ்க்குக்குள் நான் சிரித்தேவிட்டேன்! குடலை முதுகுப்பக்கத்தோடு பிடித்திருக்கும் மெசென்ட்ரி சவ்வு விளக்கு வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அசல் கொசுவம். நீ போனபின் அருவியில் ஒரு சீசன் முடிந்து அடுத்த சாரலும் விழ ஆரம்பித்துவிட்டது. இருந்தாலும் வெளியே வந்ததும் உன்னிடம் சொல்லத்தான் போனைத் தேடினேன்.

நர்சிங் படித்தபோது தென்காசியில் நமக்கு ஒரே அறை. உடற்கூறியலில் நான் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தேன். மறுபடியும் தோற்றால் படித்தது போதும், நம் ஊர் சுரண்டைக்கே வந்துவிடு, மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் புத்தகத்தின் மேலேயே அழுதுகொண்டிருந்த என்னை நீ ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனாய். பஸ்ஸிலும் நான் விடவில்லை. அவ்வளவு நீளக் குடல், சாக்கில் திணித்த கயிறாக வயிற்றுக்குள் கிடந்தால் ஏன் சிக்கு விழவில்லை என்று உன் உயிரை எடுத்தேன்.

குளித்துவிட்டு வந்து உன் ஈரச் சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறினோம். திடீரென்று நின்றாய். என் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கொசுவம் வைத்து, மேல்கரையை மட்டும் விரல்களுக்குள் அடக்கினாய். கீழ்க்கரை பாறைமேல் விரிந்து கிடந்தது.

“ஏட்டி, இங்கன பாரு. என் பிடி இருக்குல்லா, அது முதுகு. மடிப்புதான் மெசென்ட்ரி. கீழ்க்கரை குடலு. பிடி விடாத வரைக்கும் எப்படிட்டி சிக்கும்?”

ரத்தமும் அந்த மடிப்பு வழியாகத்தான் இறங்குகிறது என்று நீ சொன்னபோது உனக்கே மூச்சு வாங்கியது. பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த யாரோ ஒரு அக்கா, சேலை கட்டத் தெரியாத பிள்ளைகள் என்று பாவப்பட்டு உனக்குக் கட்டிவிட வந்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் தேர்வாளரும் குடல் ஏன் சிக்குவதில்லை என்று அதையே கேட்டார்! பொம்மை நோயாளி மேல் கிடந்த விரிப்பை உருவிக் கொசுவம் வைத்தேன். பிடியை ஒரு முறுக்கு முறுக்கி, இப்படி ஆனால் ரத்தம் போகாது, குடல் கறுத்துவிடும் என்றேன். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

“புத்தகத்துல இல்ல சார். சொன்னவ வெளிய நிக்கா.”

தேறினேன். மாப்பிள்ளை பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவில்லை. இந்த வேலை, இந்தச் சம்பளம், என் இஷ்டத்துக்கு நான் வாழ்கிற வாழ்க்கை எல்லாம் நீ வைத்த கொசுவத்தில்தான் நிற்கிறது.

இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வார்டு விரிப்பில் அதைச் செய்து காட்டுகிறேன். எந்தப் புத்தகம் சிஸ்டர் என்று அவர்களும் கேட்கிறார்கள். நீ இறந்துவிட்டாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளிய நிக்கா என்றுதான் சொல்கிறேன். நேற்று ஒரு பிள்ளை அதை நம்பி எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தாள். அவள் தோளுக்கு மேலாக நானும் எட்டிப் பார்த்தேன்.