டிக்கியில் இருந்த பெட்டி

ராயபுரம்,
ஞாயிறு, 1968

என் எல்சிக்கு,

நாளை பாப்பா இறந்து முப்பதாம் நாள், கோயிலில் பூசை. காலடிப்பேட்டையிலிருந்து அம்மாவோடு வந்துவிடு. என் முகத்தைப் பார்க்க வேண்டாம், நான் கடைசியில் நிற்கிறேன்.

கப்பல்காரர்களுக்கு வாடகை வண்டி ஓட்ட நீ தமிழில் எழுதித் தந்த இங்கிலீஷ் வார்த்தைகள் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. ஹயர், மைலேஜ், வெயிட்டிங், ரிட்டர்ன்.

அன்று உன் தம்பி இன்னாசி ஹார்பர் வாசலுக்கு சைக்கிளில் வந்து, "மாமு, கொயந்தைக்கு மூச்சு இழுக்குது, வண்டிய எட்த்துகினு வா" என்றான். நான் ஏற்றி வந்திருந்த வெள்ளைக்காரரின் பெட்டி டிக்கியில் இருந்தது. பெட்டி இறங்கும்வரை வண்டி அவருடையது, அது எங்கள் ஸ்டாண்டு வழக்கம். அவர் போயிருந்த மாடிக் கப்பல் ஆபீசுக்கு ஓடினேன். பாப்பா என்றேன், அவருக்கு விளங்கவில்லை. அதற்குமேல் வாயில் வந்ததெல்லாம் நீ எழுதித் தந்தவைதான். "வெயிட்டிங் சார், ரிட்டர்ன் சார்" என்று அழுதேன். காத்திருக்கக் கூலி கேட்கிறேன் என்று நினைத்து, பத்து ரூபாயைக் கையில் திணித்துக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் இறங்கி வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

குழந்தைக்கான வார்த்தையை எழுதாமல் விட்டேனே என்று நீ அழுகிறாயாம். அழாதே. நேற்று இன்னாசி கேட்டான்: "பொட்டிய எறக்கி ரோட்ல வெச்சிட்டு வந்துருக்கலாமே மாமு?"

எனக்கு அது தோன்றவே இல்லை, எல்சி. அதற்கு இங்கிலீஷே வேண்டியதில்லை.

பாப்பாவின் அப்பா