சம்பந்தியம்மாவும் உங்கள் மலாய்ச் சொற்களும்

அண்ணை,

இன்று காலை பல்லரோச் சந்தையில் கடையைத் திறந்து கராம்பு மூட்டையைப் பிரித்தேன். உங்கள் சட்டை மணத்தது. இந்தோனேசிய மாலுமிகள் தந்த கராம்பு சிகரெட்டை ஊதிக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்த மணம். நீங்கள் போய்ச் சேர்ந்தபின் அதை மறந்திருந்தேன்.

கப்பல் சமையலை விட்டு இங்கே இறங்கியபின் உங்களுக்குப் பேச்சுத்துணை நான்தான். அந்த மாலுமிகளிடம் பிடித்த மலாயை எனக்கு அவிழ்த்துக் காட்டுவீர்கள்.

"நாமா எண்டால் பெயர். பாஹாசா எண்டால் பாஷை. ரசா எண்டால் ருசி. எல்லாம் சமஸ்கிருதச் சரக்கடா தம்பி. எங்களிட்டையும் வந்தது, அங்கையும் போனது. சாக்குத்தான் வேறை."

"உதாலை ஒரு கிலோ அரிசி கூட விக்குமோ அண்ணை?"

"புருசனுக்கு அங்கை சுவாமி எண்டு பேர். போய் மனுசிக்குச் சொல்லு."

"சொன்னால் தேங்காய் உடைப்பாள். என்ரை மண்டையிலை."

இப்போது சிரிப்பு வரவில்லை. நீங்கள் தூக்கித் திரிந்த என் மகள், ஹோட்டல் சமையலறையில் தன்னோடு வேலை செய்யும் ஜாவாக்காரனைக் கட்டப்போகிறேன் என்கிறாள். மதம் வேறு, நாடு வேறு. நானும் மனைவியும் ஒருவழியாக விழுங்கிவிட்டோம். அவனுடைய தாய் எங்களைப் பார்க்க வந்திருக்கிறார். அவர் சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று பெடியன் சொல்லிவிட்டான்.

நேற்று மகள் அவரைக் கடைக்குக் கூட்டிவந்தாள். பெடியன் வேலையில்; மொழிபெயர்க்க ஆளில்லை. வியாழன் மதியம் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் மீன் சாப்பாட்டுக்கு மேசை பிடித்திருப்பதை நாட்காட்டியைத் தொட்டும் கையால் காட்டியும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்து, வயிற்றில் கைவைத்து, "புவாசா" என்றார்.

மகளின் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, எங்களோடை இருந்து சாப்பிட அவவுக்கு விருப்பமில்லைப் போலை."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பிறகுதான் உங்கள் குரல் வந்தது: "புவாசா எண்டால் உபவாசம். ஜாவாப் பெடியள் சிலர் திங்களும் வியாழனும் பிடிப்பாங்கள். பொழுதுபடும் மட்டும் அவங்கடை சோத்தை மூடி வைச்சிருப்பன். நானும் தின்னமாட்டன்."

நாட்காட்டியில் வெள்ளிக்கிழமையைத் தொட்டேன். கல்லாவில் இருந்த என் மனைவியைக் காட்டி, "புவாசா" என்றேன். அவர் எழும்பிப் போய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். மேசையை அதே வியாழன் பொழுதுபட்டபின் என்று மாற்றிவிட்டேன்.

நாளை வியாழன். கல்யாணத்துக்கு அவர் என்ன சொல்வாரோ தெரியவில்லை. சரக்கு துறைமுகத்தில் மாட்டிக் கிடந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. விடிந்தால் பொழுதுபடும்வரை நானும் சாப்பிடப்போவதில்லை. "பசி வந்தால் கடைக்கு வாற சனத்தைக் கடிப்பியள்" என்கிறாள் மனைவி.

உங்கள் சொற்களில் பாதி எனக்கு நினைவில்லை, அண்ணை. நோன்பிருப்பவருக்கு முன்னால் முதல் கவளத்தை எடுக்காத உங்கள் பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அவர் கை தட்டில் படும்வரை என் கை மேசைக்குக் கீழேதான் இருக்கும்.