பெரியதற்குப் பதில் சின்னது

பெங்களூர்
14.10.2007

அன்புத் தங்கை காவேரிக்கு,

ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? உனக்குப் போனில் பேச வராது என்பதால் எழுதுகிறேன். என் எம்.எஸ்சி. ஆய்வுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது: குள்ள விண்மீன் மண்டலங்கள். பிரபஞ்சம் தோன்றிய புதிதில் இருந்த மண்டலங்கள் வெகு தொலைவில் மங்கலாகத்தான் தெரியும். நமக்குப் பக்கத்தில் உள்ள சில சின்ன மண்டலங்கள் ஏறக்குறைய அந்தக் காலத்தவை போலவே இருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக இவற்றைப் பார்த்து, ஆதியில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம்.

இன்னொரு விஷயம். சிங்காரப்பேட்டை பிரகாஷ் வீட்டில் என்னைப் பெண் கேட்டார்கள். படிப்பு முடியட்டும் என்று மறுத்துவிட்டேன். அப்பா, "அப்ப சின்னவள குடுத்துடலாமா?" என்கிறார். உனக்கும் பதினெட்டு முடிந்துவிட்டது. நல்ல இடம். உன் எண்ணத்தை எழுது.

அன்புடன்,
அனிதா


ஓசூர்
21.10.2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ரசம் மட்டும் தண்ணீர்.

உன் மண்டலங்களைப் பற்றி மூன்று தடவை படித்தேன். எங்கள் இரும்பு வார்ப்பாலை வேலையிலும் அப்படி ஒன்று உண்டு. பெரிய வார்ப்பை உடைத்துப் பார்க்க முடியாது. அதனால் அதே இரும்புக் குழம்பில் ஒரு சின்னத் துண்டும் ஊற்றுவார்கள். அதற்கு நம்பர் எழுதுவதுதான் என் வேலை. அதை உடைத்துப் பார்த்துப் பெரியது தேறும் என்பார்கள். ஆனால் சின்னது சீக்கிரம் ஆறிவிடுவதால் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். "சின்னது சொல்றத அப்படியே பெருசு மேல ஏத்திடாத கண்ணு" என்பார் எங்கள் சூப்பர்வைசர் அசோக்குமார் சார்.

உன் சின்ன மண்டலத்துக்கும் அத்தனை காலம் கழிந்திருக்குமே அக்கா? அது இன்னும் பிறந்த மாதிரியே இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மற்றதைப் பற்றி எழுத வரவில்லை.

காவேரி


பெங்களூர்
4.11.2007

அன்புக் காவேரி,

உன் கேள்வியைப் பேராசிரியரிடம் கேட்டேன். "யார் கேட்டது, எந்தக் காலேஜ்?" என்றார். பத்தாவதோடு நின்றவள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. தங்கை என்று மட்டும் சொன்னேன். நீ கேட்டது சரிதான். சமீபத்தில் பிறந்தது என்று நினைத்த ஒரு மண்டலத்துக்குள் மிக வயதான நட்சத்திரங்கள் இருப்பதை இந்த வருடம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கல்யாண விஷயத்தில் நீ ஒன்றும் எழுதவில்லை. வெட்கம் என்று புரிந்துகொண்டேன். உனக்குச் சம்மதம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கார்த்திகை பிறந்ததும் பதினெட்டாம் தேதி ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். நீலப் புடவை கட்டிக்கொள்.

அனிதா


ஓசூர்
19.11.2007

அக்காவுக்கு,

நேற்று கல்லாவிக்கு, நம் வீட்டுக்குப் போயிருந்தேன். நீலப் புடவைதான் கட்டினேன். காபித் தட்டோடு போய் நின்றேன். பிரகாஷின் அம்மா மாரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "அக்கா சாடதான். நெறந்தான் ஒரு மாத்து கம்மி" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.

தட்டை வைத்துவிட்டு, "எனக்கு வேணாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்னாம்மா சொன்ன?" என்றார் மாரம்மா. அதனால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

"பெரியவளாச்சும் படிக்கிறா. ஒனக்கு என்னாடி கேடு?" என்றார் அப்பா. "வேலைக்குப் போறேன்பா. பன்னெண்டாவது எழுத டுட்டோரியல்ல பேரு குடுத்துருக்கேன்" என்றேன். அவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. பஸ் ஏற்றிவிட அம்மா மட்டும் வந்தாள்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் இருக்கிறது. எழுத வராமல்தான் அப்போது விட்டேன், சம்மதித்து அல்ல. நீ மறுத்தபோது ஒருவரும் அதை வெட்கம் என்று எடுத்துக்கொள்ளவில்லையே.

சிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. உன் பேராசிரியர் இன்னொரு தடவை கேட்டால், பத்தாவது வரை என்றே சொல். எனக்குக் கூச்சம் இல்லை.

காவேரி