கரடிக்குப் பக்கத்து நாற்காலி

எல்டர்மியர் மாளிகை,
ஷ்ராப்ஷயர்
3 மே 1931

அன்புள்ள மேபல் அக்காவுக்கு,

ஹில்டா எழுதுவது. நானும் குழந்தையும் நலம். நீயும் ஆல்ஃப் அத்தானும் நலமா? கடையில் ஈஸ்டர் கூட்டம் ஓய்ந்ததா?

ரோசமண்ட் இப்போதுதான் தூங்கினாள். மூச்சு விடுகிறாளா என்று இரண்டு தரம் எழுந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். கல்லூரியில் படித்த எந்தப் புத்தகமும் குழந்தையின் விக்கலுக்கு என்ன செய்வதென்று சொல்லவில்லை.

பெண் பிறந்ததில் இந்த வீட்டுக்கு மனக்குறைதான். ஜாஸ்பரின் ஏர்ல் பட்டம் ஆணுக்குத்தான் போகும். எங்களுக்குப் பையன் பிறக்காவிட்டால் கென்யாவில் காப்பி பயிரிடும் யாரோ ஒரு சித்தப்பா மகனுக்கு. ஜாஸ்பரின் கான்ஸ்டன்ஸ் அத்தை தொட்டிலை எட்டிப் பார்த்து, "மூக்கு நம்ம மூக்குதான். பட்டத்துக்குத்தான் ஆகாது" என்றார். ஜாஸ்பர் மட்டும் வீடெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு திரிகிறார்.

ஜூன் ஏழாம் தேதி ஞானஸ்நானம். நீதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும். கல்யாணத்தில் நடந்ததை மறக்கச் சொல்லவில்லை. வா என்றுதான் கேட்கிறேன்.

உன் தங்கை,
ஹில்டா


கிரிம்ஸ்பி
9 மே 1931

அடி ஹில்டா,

விக்கலுக்கு முதுகில் மெல்லத் தட்டு. இதற்குக் கல்லூரி எதற்கு?

நான் வரவில்லை. உன் கல்யாண விருந்தில் சாப்பாட்டு மேசைக்கு யார் முன்னால் போவதென்று அந்த அத்தை பட்டம் பார்த்து வரிசை கட்டினாரே, நினைவிருக்கிறதா? சீமாட்டிகள் போனார்கள், பாதிரியார் மனைவி போனாள், பண்ணைக் காரியஸ்தர் மனைவிகூடப் போனாள். அப்புறம்தான், "அந்த மீன்கடை அம்மா எங்கே?" என்று ஒரு குரல். எனக்குப் போட்ட நாற்காலிக்கு ஒரு பக்கம் சமையலறைக் கதவு, மறுபக்கம் பஞ்சடைத்த கரடி. நான் சூப்பு குடித்து முடிக்கும்வரை அது என் தோள் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா போனதிலிருந்து உனக்குத் தலை பின்னிவிட்டவள் நான். எனக்கு அந்த இடமா?

"போயிட்டு வாயேன், கரடி கடிக்கவா போகுது?" என்கிறார் ஆல்ஃப். கடித்திருந்தாலாவது யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

குழந்தைக்குச் சால்வை பின்னி அனுப்புகிறேன். முத்தங்கள்.

மேபல்


எல்டர்மியர்
16 மே 1931

என் அக்காவுக்கு,

கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

நேற்று அத்தை ஞானஸ்நான விருந்துக்கு வரிசை போட்டார். ஜாஸ்பர் முதலில் போக வேண்டும், கூட்டத்திலேயே உயர்ந்த படியில் இருக்கும் பெண்ணோடு. வீட்டுக்காரி என்பதால் நான் கடைசியில். அந்த முதல் பெண்ணாக அத்தை தன் பெயரையே எழுதினார்.

"ரோசமண்ட் எங்கே அத்தை?" என்றேன்.

"அவ ஆயா கையில இருப்பா."

"அவ ஏர்ல் மகளாச்சே. அவளுக்கு வரிசை கிடையாதா?"

பேனா நின்றது. அத்தையும் ஏர்ல் மகள்தான் அக்கா. ஆனால் அவர் கட்டியது ஒரு பாரனை. ஏர்லுக்கு இரண்டு படி கீழே. பட்டமுள்ளவனைக் கட்டினால் பெண்ணும் அவன் படிக்கே போய்விடுவாள். அப்படிப் பார்த்தால் தொட்டிலில் கிடப்பவள் அத்தைக்கு மேலே. இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அத்தைதான். ஜாஸ்பர் சன்னல் பக்கம் திரும்பி நின்று இருமினார்.

அத்தை தன் பெயரை அடித்துவிட்டு ரோசமண்ட் என்று எழுதினார். "முறைன்னா முறைதான். ஆனா அவளுக்கு நடக்கத் தெரியாதே?"

"அன்னிக்குக் குழந்தையை ஞானத்தாய்தானே தூக்கணும்?"

"ஆமா. யாரு ஞானத்தாய்?"

"எங்க அக்கா."

அத்தை பேனாவை மையில் தோய்த்தார். பிறகு உன் பெயரையும் அவரே எழுதினார்.

நீ வராவிட்டால் ஆயா தூக்கிக்கொண்டு போவாள். எனக்கு அது போதாது. வா அக்கா.

ஹில்டா


கிரிம்ஸ்பி
10 ஜூன் 1931

என் கண்ணே,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஆல்ஃபுக்கு மூன்று தரம் சொல்லியாகிவிட்டது. இப்போது கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் வீட்டுக்காரர் கையை நீட்டியபோது குழந்தையை இறுக்கிக்கொண்டு வேகமாக நடக்கப் பார்த்தேன். "மெதுவா நடங்க. இவளைத் தாண்டி இங்க ஒருத்தரும் போக முடியாது" என்றார். நல்ல மனிதர். அவர் சட்டைக் கையில் உன் மகள் பால் கக்கியதை நான்தான் முதலில் பார்த்தேன், சொல்லவில்லை.

நீ கடைசியில் வந்ததால் ஒன்றைப் பார்த்திருக்க மாட்டாய். சால்வை தரையில் புரண்டது. பின்னால் வந்த உன் அத்தை அதன் நுனியை எடுத்து மேசைவரை பிடித்துக்கொண்டே வந்தார். கரடிக்குப் பக்கத்தில் இந்தத் தடவை நாற்காலியே இல்லை. யார் எடுக்கச் சொன்னது என்று பரிமாறியவரைக் கேட்டேன். அவர் அத்தையைக் கண்ணால் காட்டினார்.

கார் ஏறும்போது அத்தை என் காதோரம் வந்து, "இவளை ஒரு பாரனுக்கு மட்டும் கட்டிக் கொடுத்துடாதீங்க. என்னைப் போல இறங்கிடுவா" என்றார்.

"மீன்காரனுக்குக் கொடுத்தா?" என்று சும்மா சீண்டினேன்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "மீன்காரனுக்குப் பட்டம் கிடையாதே. அப்போ ஒண்ணும் குறையாது. இவ இவளாவே இருப்பா."

சிரித்தோம், இரண்டு பேரும்.

புகை போட்ட ஹெர்ரிங் மீன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். முதல் துண்டு அத்தைக்கு. மீன் விஷயத்தில் வரிசை போடுகிறவள் நான்.

உன் அக்கா,
ரோசமண்டின் ஞானத்தாய்,
மேபல்